கர்வாலோவின் ஓணானும் நம் மலைகளும்: வாசகர் கேள்வி பதில்

கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வியின் நூல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கருத்துகளுக்கும் கேள்விகளுக்கும் இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். தெரியாதவர்களுக்காகச் சிறு அறிமுகம்: 1938இல் பிறந்து 2007இல் மறைந்தவர். கவிஞர் குவெம்புவின் மகன். மைசூரில் இலக்கியம் படித்து முடித்தவர், வேலை தேடிப் போகாமல் சிக்மகளூர் மாவட்டத்து மூடிகெரெயில் காப்பித் தோட்டம் போட்டு அங்கேயே வாழ்ந்தார். சிறுகதை, நாவல், இயற்கைக் கட்டுரை, பறவைப் படங்கள், ஓவியம், கென்னத் ஆண்டர்சனின் காட்டுக் கதைகளின் கன்னட மொழிபெயர்ப்பு என்று கைவைத்த துறைகள் பல. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவருடைய மலையையும் நம் இலங்கை மலையகத்தையும் ஒப்பிட்டே எழுதப்பட்டிருந்தன. பதில்களும் அந்த வழியிலேயே போகின்றன.

கேள்வி: இவருடைய நாவலில் தொடங்குவதா, இயற்கை நூல்களில் தொடங்குவதா? நண்பர் ஒருவர் சிதம்பர ரகசியத்தில் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்.
— ஹட்டன் வாசகர்

பதில்: 1991இல் வந்த ‘பரிசரத கதெ’யில் தொடங்குங்கள். சுற்றுச்சூழலின் கதை என்று பொருள். தனித்தனிக் கட்டுரைகள். கிவி என்ற நாய், மாரன், ப்யாரன் என்ற தோட்டத்து ஆட்கள், அவர்களைச் சுற்றியுள்ள பூச்சி, பறவை, மிருகம் எல்லாம் அதில் அறிமுகமாகிவிடும். அடுத்தது 1980இல் வெளியான ‘கர்வாலோ’. கட்டுரைகளில் பழகிய நாயும் காடும் அங்கே நாவலுக்குள் நடமாடுவதால் நடை சிரமம் தராது. பிறகு 1973இல் வந்த ‘அபசூரின போஸ்டாபீசு’ தொகுப்பின் சிறுகதைகள். 1985இல் வந்த ‘சிதம்பர ரகசிய’த்தை அதற்குப் பின் எடுக்கலாம். அதில் ஊர் முழுவதும் பாத்திரம்: துப்பறிய வந்த அதிகாரி, வியாபாரிகள், கல்லூரி மாணவர்கள், மதச் சண்டை, காதல் என்று இழைகள் பல. தேஜஸ்வி ஒரு செய்தியை எங்கே ஒளித்து வைப்பார் என்று பழகாதவருக்கு முதல் நூறு பக்கங்களில் பெயர்களே கால் தடுக்கும். நண்பருக்கு நேர்ந்தது அதுதான். ‘ஜுகாரி கிராஸ்’ விறுவிறுப்பான நாவல். அதை எந்த இடத்திலும் செருகிக்கொள்ளலாம்.

கேள்வி: கர்வாலோவில் விஞ்ஞானியும் கூட்டாளிகளும் தேடிப் போகும் பறக்கும் ஓணான் உண்மையில் இருக்கிறதா? நாவலில் சொல்வதுபோல் அது பல கோடி ஆண்டுப் பழமையான உயிரா? நமது மலையில் உண்டா?
— உயர்தர வகுப்பு மாணவி, நுவரெலியா

பதில்: இருக்கிறது. உயிரியல் பெயர் ட்ராக்கோ டுஸ்ஸுமியெரி. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்கிறது. விலாவெலும்புகளில் சில மட்டும் உடம்பைத் தாண்டி நீண்டு வளர்ந்திருக்கும். அவற்றின் மேல் தோல் போர்த்தியிருக்கும். அந்த எலும்புகளை விரித்தால் இரண்டு பக்கமும் தோல் விரிந்து இறக்கை போலாகிவிடும். ஆனால் அடித்துப் பறக்க முடியாது. உயரமான மரத்திலிருந்து சரிந்து மிதந்து, அடுத்த மரத்தின் தாழ்ந்த பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் உச்சிக்கு ஏற வேண்டும். ஆணின் தொண்டையில் மஞ்சள் நிறத் தோல் மடிப்பு உண்டு. பெண் முட்டையிட மட்டும் தரைக்கு வரும். உணவு பெரும்பாலும் எறும்பு.

இனி நாவல் எங்கே அறிவியலை விட்டு விலகுகிறது என்று பார்க்கலாம். நாவலின் விஞ்ஞானி கர்வாலோ அதைப் பூர்வ காலத்தின் எச்சமாகப் பார்க்கிறார். தேடல் முழுவதும் அந்தப் பரவசத்தில்தான் ஓடுகிறது. உண்மையில் ட்ராக்கோ, நம் வேலியில் தலையாட்டும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததே. டைனோசர்கள் தோன்றிய காலகட்டத்தில் விலாவெலும்பை விரித்துச் சரிந்த வேறு ஊர்வன இருந்தன என்பதற்குப் புதைபடிவங்கள் உண்டு. அவை தனி வமிசம். அதே உபாயம் இரண்டு வமிசங்களில் தனித்தனியாகத் தோன்றியது. அதுபோக, கர்நாடக மலைநாட்டுக் கமுகந்தோட்டங்களில் இந்த ஓணானைச் சாதாரணமாகவே காணலாம். தேடிப் பயணம் போகும் அளவுக்கு அரிதன்று. இதை நாவலின் குறையாக எண்ண வேண்டாம். நாவலாசிரியருக்குத் தேவைப்பட்டது கைக்கெட்டாமல் நழுவும் ஓர் உயிர். கடைசியில் அது பள்ளத்தாக்கின் மேல் மிதந்து மறைகிறதே, அந்த இடத்துக்காகவே அத்தனை பக்கங்களும். ஆனால் பரீட்சையில் உயிரியல் விடையாக இதை எழுதிவிடாதீர்கள்.

இலங்கையில் ட்ராக்கோ இனமே இல்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான்கள் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. மூக்கு நுனியில் காண்டாமிருகம் போலக் கொம்புள்ள செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி, ஹக்கலவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் வாழ்கிறது. ஆணின் கொம்பு நீண்டிருக்கும், பெண்ணுக்கு மிகச் சிறியது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ள அதன் உறவுக்கு இலை போன்ற தட்டையான மூக்கு. அதே குளிர்க் காடுகளில் கொஃபோட்டிஸ் என்ற சிற்றோணான் உண்டு. முட்டையிடாமல் குட்டி போடும்.

பார்ப்பது எப்படி? இரவுக் குளிரில் உடம்பு விறைத்திருக்கும் என்பதால் மூடுபனி விலகி வெயில் ஏறும்போதுதான் இவை வெளியே வரும். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நல்ல நேரம். பாசி படர்ந்த அடிமரத்தில், முழங்காலிலிருந்து தலை உயரம் வரை, ஒவ்வொரு மரமாக மெதுவாகப் பாருங்கள். மரத்தைச் சுற்றி நீங்கள் நகர்ந்தால் அதுவும் மறுபக்கம் நகர்ந்துவிடும். இருவராகப் போய் இரண்டு பக்கமும் நின்றால் தப்பாது. கையில் எடுக்காதீர்கள். எடுத்த படத்தைப் போடும்போது இந்தப் பாதையில் இந்த மரம் என்று இடத்தை எழுதாதீர்கள். வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காக இவற்றைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 2019இல் இவை, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கருத்து: கர்வாலோவில் எனக்குப் பிடித்தது ஓணான் அல்ல, தேன்தான். மூடிகெரெ தேன் சங்கத்தில் கதை தொடங்குவதும், மந்தண்ணன் தேனீயைப் பற்றிப் பேசுவதும், பெட்டி வைத்திருக்கிற எங்களைப் போன்றோருக்குத் தித்திப்பு. எங்கள் பெட்டிகளில் மழைக்காலத்தில் தேனீக்கள் கூட்டோடு போய்விடுகின்றனவே, என்ன செய்வது?
— பண்டாரவளை வாசகர்

பதில்: உங்கள் ரசனையோடு முழுவதும் ஒத்துப்போகிறோம். மந்தண்ணன் பள்ளிப் படிப்பு ஏறாதவன், ஊரார் கணக்கில் உதவாக்கரை. அவன் கண்ணிலுள்ள கூர்மையை முதலில் கண்டுகொள்கிறவர் படித்த விஞ்ஞானியான கர்வாலோ. தேஜஸ்வியின் எல்லா நூல்களிலும் இந்த மரியாதை ஓடுகிறது. மலையக வாசகர்களை அவர் பக்கம் இழுப்பதும் அதுவே என்று நினைக்கிறோம். கொழுந்து மலையில் எந்த மேட்டில் எந்தப் பாம்பு, எந்த மரத்தில் எப்போது கூடு என்று அறிந்தவர்கள் நம் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் குறிப்பேட்டோடு போய் உட்காரவில்லை.

பெட்டிக்கு வருவோம். கூட்டம் பிரிவதும் கூட்டோடு ஓடிப்போவதும் வேறு வேறு. பிரியும்போது பழைய ராணி ஒரு பகுதி ஈக்களோடு வெளியேறும். பெட்டியில் மீதி ஈக்களும், அடையின் ஓரத்தில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகளும் இருக்கும். ஓடிப்போனால் ஒன்றுமே மிஞ்சாது, வெற்று அடைதான். மழைக்காலத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. காரணங்கள் மூன்று: பூ இல்லாத பட்டினி, எறும்புத் தொல்லை, மெழுகுப் பூச்சி.

பட்டினிக்கு: ஒரு கிலோ சீனிக்கு ஒரு லீட்டர் வெந்நீர் கலந்து ஆறவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை சுமார் கால் லீட்டர் வீதம் பெட்டிக்குள் வையுங்கள். மிதந்து உட்கார ஒரு குச்சியோ வைக்கோல் துண்டோ போடாவிட்டால் ஈக்கள் மூழ்கிச் சாகும். மாலை இருட்டும் நேரத்தில்தான் வைக்க வேண்டும். பகலில் வைத்தாலோ வெளியில் சிந்தினாலோ பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வரும், சண்டையில் பலவீனமான கூட்டம் அழிந்துபோகும். எறும்புக்கு: தாங்கியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்துங்கள். ஒரு புல் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதுவே பாலமாகிவிடும். மெழுகுப் பூச்சிக்கு: ஈக்கள் மூடாத பழைய கறுத்த அடைகளை எடுத்துவிடுங்கள். சிறிய கூட்டத்துக்குப் பெரிய வீடு கொடுப்பதுதான் பூச்சிக்கு வரவேற்பு. மேலதிக உதவிக்கு, பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது.

நாவலில் வருவது பெட்டியில் வளரும் சிறு தேனீ. கொழுந்து பறிப்பவர்களைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ‘குளவி’, பல தடவைகளில் உண்மைக் குளவி அன்று. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடை கட்டும் பெருந்தேனீ. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கும், குளவியின் கொடுக்கு தங்காது. தங்கிய கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். அது விடும் வாசனை மற்ற ஈக்களையும் இழுத்து வரும். கையை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு, மூடிய கட்டடத்தை நோக்கி ஓடுவதே வழி. பல கொட்டுகள் பட்டவரையும், மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு உள்ளவரையும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கருத்து: சிதம்பர ரகசியத்தில் ஏலக்காய் விளைச்சல் ஏன் வீழ்கிறது, ஆராய்ச்சியாளர் எப்படி இறந்தார் என்று துப்பறியத் தொடங்கிய நாவல், முடிவில் எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிடுகிறது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இப்படிச் சிதறலாமா? எங்கள் பக்கத்திலும் ஏலம் உண்டு என்பதால் கேட்கிறேன்.
— இரத்தோட்டை வாசகர்

பதில்: சிதறல் இருப்பது உண்மை. மாணவர்கள் பகுதி நீண்டுவிட்டது, துப்பறியும் இழை நடுவில் தொய்கிறது என்பது எங்கள் கருத்தும். ஆனால் முடிவை ஏற்கிறோம். ஏலம் ஏன் வீழ்கிறது என்ற கேள்விக்கு ஒற்றைக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்திருந்தால்தான் நாவல் பொய்யாகியிருக்கும். ஏலம் வீழ்வதற்குப் பயிர்நிலத்திலும் ஒற்றைக் காரணம் கிடையாது.

கன்னட மலைகளில் ஏலத்துக்குப் பெரும் எதிரி ‘கட்டே’ எனும் தேமல் நோய். வைரஸ் நோய். அசுவினி பரப்புகிறது. இளம் இலையில் நரம்புக்கு இணையாக வெளிர்பச்சைக் கோடுகள் தோன்றும், பிறகு தூர் குறுகிக்கொண்டே போகும். மருந்து இல்லை. கண்டவுடன் கிழங்கோடு பிடுங்கி அழிக்க வேண்டும். நோய்த் தூரிலிருந்து கிழங்கு பிரித்து நட்டால் நோயையும் சேர்த்து நட்டதாகிவிடும். இத்தோடு நிழலும் சேர்கிறது. ஏலத்துக்கு அரை நிழல் வேண்டும். மேல்மரங்களை அதிகம் கழித்தால் மண் காயும், இலை கருகும். மகரந்தம் சேர்க்கும் தேனீக்கள் கூடுகட்ட இடமின்றிக் குறையும், பூத்தும் காய் பிடிக்காது. அதற்கும் மேல் விலை ஏற்ற இறக்கம். இவை ஒன்றையொன்று இழுப்பதைத்தான் தேஜஸ்வி ஒரு ஊரின் மனிதர்கள் வழியாகக் காட்டுகிறார்.

உங்கள் பக்கத்துக் கதை இன்னும் கசப்பானது. நக்கிள்ஸில் ஏலம் காட்டுக்குள்ளேயே நடப்பட்டது. மேலிருந்து பார்த்தால் காடு அப்படியே நிற்பதுபோல் தெரியும். கீழே அடிச்செடிகளும் மரக்கன்றுகளும் களையோடு களையாக ஒவ்வொரு ஆண்டும் வெட்டப்பட்டன. முதிர்ந்த மரம் விழுந்தால் அதன் இடத்தைப் பிடிக்கக் கன்று இல்லை. காயை உலர்த்தும் கொட்டில்களுக்கு விறகும் அதே காட்டிலிருந்து. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். மீதி நான்கு கிலோ நீரை ஓட்டுவது விறகின் வேலை என்று கணக்கிட்டால் மரம் எங்கே போனது என்பது புரியும். 2000ஆம் ஆண்டில் அப்பகுதி பேணற்காடாக அறிவிக்கப்பட்டது, 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றுடன் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஏலத்தை நம்பியிருந்த குடும்பங்களின் கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை. அதை எழுத இரத்தோட்டையிலிருந்தே ஒரு நாவலாசிரியர் வர வேண்டும்.

கேள்வி: தேஜஸ்வியின் தோட்டத்தில் மட்டும் இத்தனை பறவையும் மிருகமும் எப்படி? எங்கள் தேயிலை மலையில் காகமும் மைனாவும்தான். புத்தகத்தைப் படித்துவிட்டு வெளியே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது.
— மஸ்கெலியா வாசகர்

பதில்: பயிரின் வித்தியாசம் முதல் காரணம். அங்கே காப்பி, காட்டு மரங்களின் நிழலில், மிளகுக் கொடி ஏறிய அடிமரங்களுக்கு நடுவே வளர்கிறது. உச்சி மரம், நடு மரம், காப்பிச் செடி, தரைச் சருகு என்று நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் தனிப் பறவைக் கூட்டம். தேயிலைக்குக் கொழுந்து மேசை வெயில் பார்க்க வேண்டும். நிழலுக்கு நிற்கும் கிரவிலியாவும் கல்யாண முருங்கையும் ஒரே வயது, ஒரே உயரம், அதிலும் கிளை கழிக்கப்பட்டவை. பொந்துள்ள கிழட்டு மரம் இல்லாத இடத்தில் பொந்துப் பறவை எங்கே குடியிருக்கும்?

நம் மலையிலும் ஒரு காலத்தில் காப்பிதான் இருந்தது. 1869இல் இங்கே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அதை ஒழித்துக்கட்டியது. அதன்பின் மலை முழுக்கத் தேயிலையாகியது. ஆனால் அன்றைய காப்பியும் காட்டை அடியோடு வெட்டி எரித்து நட்டதே. ஆகவே காப்பி நீடித்திருந்தால் மூடிகெரெ போல் இருந்திருப்போம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது காரணம் உயரம். மூடிகெரெ ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில் உள்ளது. அதற்கு மேலே ஏற ஏறப் பறவை வகைகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் அந்த மலைக்கே உரியவை கூடும். எனவே எண்ணிக்கையை அவரோடு ஒப்பிடாதீர்கள், தேடும் இடத்தை மாற்றுங்கள். தேயிலை நிரைகளுக்குள் தேடாமல் ஓடையோரப் புதர், கைவிடப்பட்ட மலை, காற்றுத்தடுப்பு மர வரிசை, லயத்து மரக்கறித் தோட்டம், காட்டை ஒட்டிய கடைசி நிரை ஆகியவற்றில் தேடுங்கள். காதருகே மஞ்சள் குஞ்சமுள்ள கொண்டைக்குருவி வகை, இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கிய நீல ஈப்பிடிப்பான் ஆகிய மூன்றையும் காட்டோரத்தில் பார்க்க வாய்ப்பு அதிகம். மூன்றும் இலங்கைக்கே உரியவை. அடர்ந்த காட்டு ஓடையில், பொழுது விடியும் முன்னும் இருட்டும் நேரத்திலும் சீழ்க்கையடிக்கும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி மிக அரிது. கேட்டுவிட்டால் அந்த ஓடையைக் கண்ணும் கருத்துமாகக் காத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு வந்தால், வடக்கின் குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் ஆறுமணிக்குருவியையும் பார்க்கலாம்.

கருத்து: ‘தபரன கதெ’யை எங்கள் வாசிகசாலையில் வாசித்தோம். ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் அந்தக் கிழவரைக் கேட்டபோது, சேமலாப நிதிக்காக அலையும் எங்கள் பெரியவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அழாதவர் இல்லை.
— தலவாக்கலை வாசகி

பதில்: மூடிகெரெக் கதைகளில் மிகச் சிறந்தது இதுவே என்பது எங்கள் கணிப்பு. இதைக் கிரீஷ் காசரவள்ளி படமாக்கினார். தபரனாக நடித்த தமிழ் நடிகர் சாருஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்தது. தபரன் கேட்பது தானமன்று, தான் உழைத்த பணம். காகிதம் சரியில்லை என்பதற்காக அது நிறுத்தப்படுகிறது. மனைவியின் கால் அழுகிக்கொண்டிருக்கிறது. எந்த அலுவலரும் கொடியவர் அல்லர், எல்லோரும் அடுத்த மேசையைக் காட்டுகிறார்கள். கதையின் கொடுமை அந்த அடுத்த மேசையில்தான் இருக்கிறது.

உங்கள் பெரியவர்களின் அலைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் பெயர் வேறுபாடு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், தோட்டப் பதிவில் வீட்டுப் பெயர். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தைக் கோரலாம். அந்த வயது வரும்வரை காத்திருக்காமல் இப்போதே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அடையாள அட்டையைத் திருத்தி, அதன்படி தோட்ட அலுவலகத்தில் பதிவை மாற்றச் செய்யுங்கள். வேலை செய்த ஒவ்வொரு தோட்டத்தின் அங்கத்துவ இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தோட்டம் மாறியவர்களுக்குப் பழைய இலக்கம் தொலைந்துபோவதுதான் அதிகம். தொழிலாளியின் பங்கு 8 வீதம், தொழில் தருநரின் பங்கு 12 வீதம். வருடாந்தக் கணக்குக் கூற்றில் இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

கருத்து: இவர் எழுத்தில் வேட்டை அடிக்கடி வருகிறது. மொழிபெயர்த்ததும் வேட்டைக்காரரின் நூல்களை. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
— பதுளை, ஆசிரியை

பதில்: கொடுக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து. வேட்டை அக்காலத்து மலைநாட்டு வாழ்க்கையின் பகுதி. அவர் அதை மறைக்கவில்லை, பெருமைப்படுத்தவுமில்லை. மிருகத்தை அருகிலிருந்து அறிந்த அறிவு அவருக்கு அந்த வழியாகவும் வந்தது. பிற்காலத்தில் அவர் கையில் நிலைத்தது புகைப்படக் கருவி. இங்கே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது கம்பிச் சுருக்கு. காட்டுப்பன்றிக்கென்று தேயிலை ஓரத்தில் வைக்கும் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. இடுப்பில் இறுகிய கம்பி வெளியே சிறு காயம்போல் தெரிந்தாலும் உள்ளுறுப்புகளை நசுக்கியிருக்கும். பலர் கூடிக் கூச்சலிடும்போது அது துள்ளித் துள்ளிக் கம்பியை மேலும் இறுக்கிக்கொள்ளும். கண்டால் ஆட்களை விலக்கி, சத்தத்தை அடக்கி, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மிருக வைத்தியர் மயக்க மருந்து செலுத்தாமல் கம்பியை அறுப்பது சிறுத்தைக்கும் ஆபத்து, அறுப்பவருக்கும் ஆபத்து.

கேள்வி: எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர், புத்தகம் ஒன்று. எப்படி வாசிப்பது?
— கொட்டகலை வாசகர் வட்டம்

பதில்: உரக்க வாசியுங்கள். ஒரு மணி நேரத்தில் இருபது பக்கம் போகும், கர்வாலோவைச் சில வாரங்களில் முடித்துவிடலாம். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அந்தப் பகுதியில் வரும் செடி, பூச்சி, பறவைப் பெயர்களை எழுதட்டும். மூன்றாமவர் அடுத்த கூட்டத்துக்குள் அவற்றில் எவை நம் மலையிலும் உள்ளன, இங்கே என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். பேனா வேண்டாம், மழையில் மை ஓடும், பென்சில் போதும். திகதி, நேரம், இடம், வானிலை முதல் வரியில். பெயர் தெரியாத பறவையானால் மைனாவைவிடப் பெரியதா சிறியதா, அலகின் வடிவம், காலின் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். ஊகித்த பெயரைக் குறிப்பின் உள்ளே எழுதாமல் ஓரத்தில் கேள்விக்குறியோடு வையுங்கள். பெயரை முதலில் எழுதிவிட்டால், பார்த்ததை விட்டுவிட்டுப் பெயருக்குப் பொருந்துவதையே கை எழுதத் தொடங்கிவிடும்.

கேள்வி: தமிழில் இவருக்கு இணையாக இயற்கையும் நாவலும் எழுதியவர் உண்டா?
— கண்டி வாசகர்

பதில்: மா. கிருஷ்ணன், 1912–1996. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதினார். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். படங்களும் கோட்டோவியங்களும் அவரே செய்தவை. ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்ற துப்பறியும் நாவலும் அவருடையது. தேஜஸ்வியிடம் மனிதர் கூட்டமும் பேச்சும் அதிகம். கிருஷ்ணனிடம் ஒரு பறவையும் ஒரு பார்வையாளரும் மட்டும். எங்களுக்கு இருவரும் வேண்டும். ஆனால் பார்த்ததைத் துல்லியமாகத் தமிழில் சொல்லப் பழக விரும்புகிறவர் முதலில் கிருஷ்ணனைப் படிக்கட்டும்.

கேள்வி: சேர்த்து வைத்த புத்தகங்களில் வெண்பூஞ்சணம் படர்கிறது. நானுஓயாக் குளிரில் எப்படிக் காப்பது?
— நானுஓயா வாசகர்

பதில்: காற்றில் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் முளைக்கும். உங்கள் ஊரில் பல மாதங்கள் அப்படித்தான். அலுமாரியைக் கருங்கல் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், வெளிச்சுவரைத் தவிருங்கள். புத்தகங்களை நெருக்கி அடைக்காமல் ஒரு விரல் நுழையும்படி நிறுத்துங்கள். அடுப்படிக்கு மேல் வைத்தால் காயும், ஆனால் புகைக் கரி படிந்து தாள் பழுப்பாகும். ஈரமான புத்தகத்தைப் பொலித்தீன் பையில் கட்டி வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சணம் இரட்டிப்பாகும். நன்கு காய்ந்த பிறகே பையில் இடலாம், அப்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வைத்து, அதை மாதம் ஒருமுறை சூடுகாட்டி எடுங்கள். பூச்சி உருண்டை ராமபாணப் பூச்சியை ஓரளவு தடுக்கும், பூஞ்சணத்தைத் தடுக்காது. பிள்ளைகள் தூங்கும் அறையில் அந்த நெடியும் நல்லதன்று.

ஏற்கெனவே படர்ந்ததை வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்துகள் மற்றப் புத்தகங்களில் இறங்கும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வெளியே நிழலில் காற்றுப் படும் இடத்தில், பக்கங்களை விரித்து நிறுத்தி முதலில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் முதுகுப்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் கறை தாளுக்குள் தேய்ந்து இறங்கும். கொளுத்தும் வெயிலில் வைக்க வேண்டாம், அட்டை வளைந்து ஒட்டுப்பசை வெடிக்கும். பறவைப் படங்கள் அச்சிட்ட வழவழப்புத் தாள் நூல்களுக்குத் தனிக் கவனம் தேவை. அந்தத் தாள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மாற்றிக்கொண்டே இருங்கள்.